அது எந்தப் பக்கம் என்று கேட்டேன்

எங்கள் வீட்டைப் பெருக்கித் துடைக்க வந்த பெண்ணிடம் நான் கேட்ட முதல் கேள்வி, "எந்தத் தோட்டம்?" என்பது. தெமோதரைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தின் பெயரைச் சொன்னாள்.

"அது எந்தப் பக்கம்?" என்றேன்.

அவள் பொறுமையாக விளக்கினாள். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இறங்கி எந்தக் குறுக்குப் பாதையில் ஏற வேண்டும், எந்த வளைவில் கோயில் வரும், அதைத் தாண்டினால் எந்தப் பக்கம் பழைய தேயிலை ஸ்டோர் தெரியும் என்றெல்லாம் கையை நீட்டி நீட்டிச் சொன்னாள். நான் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டேன். நான் பிறந்தது அந்தத் தோட்டத்தில். படித்து முடிக்கும்வரை அந்தக் குறுக்குப் பாதையில்தான் ஏறி இறங்கினேன்.

ஏன் அப்படிக் கேட்டேன் என்று இப்போது யோசித்தால், பெரிய காரணம் எதுவும் கிடைக்கவில்லை. ஆசிரியராக இருந்து, பள்ளிக்கூட அதிபராகி ஓய்வு பெற்றவன் நான். என் மனைவியின் குடும்பம் பதுளையில் கடை வைத்திருந்த குடும்பம். கல்யாணப் பேச்சின்போது "மாப்பிள்ளை ஹாலிஎல பக்கம், வாத்தியார்" என்று மட்டும் பெரியவர்கள் சொல்லிக்கொண்டார்கள். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளைச் சொல்லும் லயம் என்ற சொல்லை யாரும் வாயில் எடுக்கவில்லை. மனைவிக்கு எல்லாம் தெரியும். மற்றவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. என் தாயும் தகப்பனும் போன பிறகு தோட்டத்துக்குப் போவதும் நின்றுவிட்டது. யாரும் கேட்காததால் சொல்லாமல் இருப்பதில் ஒரு மரியாதையாவது மிஞ்சும். கேட்ட இடத்தில் தெரியாதவன் போல முகத்தை வைத்துக்கொள்வதில் அதுவும் இல்லை. அதை முதல்முறை அந்தப் பெண்ணிடம்தான் செய்தேன். நானும் அதே லயத்துப் பிள்ளை என்று தெரிந்தால், நான் சொல்லும் வேலையைச் செய்வாளா என்ற சந்தேகம். அவ்வளவுதான்.

அவளுக்கு நாற்பது வயதிருக்கும். வாரத்தில் மூன்று நாள் வருவாள். மனைவியின் முழங்கால் தேய்ந்து, குனிந்து பெருக்க முடியாமல் போனதால் ஆள் தேடினோம். ஆனால் அவள் வரும் நாட்களில் என் மனைவி விடிந்ததும் விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு வீட்டைப் பெருக்க ஆரம்பித்துவிடுவாள்.

"அவளைக் கூப்பிட்டதே இதுக்குத்தானே?" என்று கேட்டால், "வர்றவ என்ன நெனைப்பா? இம்புட்டுக் குப்பைக்குள்ளயா இருக்காங்கன்னு நெனைக்க மாட்டாளா?" என்பாள்.

அந்தப் பெண் வந்ததும் கூடத்தை ஒரு பார்வை பார்ப்பாள். "அம்மா, நீங்க பெருக்குனா மூலையில ஒதுக்கி வச்சிடுறீங்க. அப்புறம் அதைத் தோண்டி எடுக்குறதுதான் எனக்குப் பெரிய வேலையா இருக்கு."

அவள்மீது எனக்கு நிறைய குறைகள் இருந்தன. அவற்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். ஒரே வாளித் தண்ணீரில் வீடு முழுவதையும் துடைப்பாள். கடைசி அறைக்கு வரும்போது அந்தத் தண்ணீர் தேயிலைச் சாயம் போல இருக்கும். தொலைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு தன் கொழுந்தன் பொண்டாட்டியோடு சண்டை போட்டபடியே தூசி தட்டுவாள். என் புத்தகங்களைத் துடைத்துவிட்டு, நான் பாடவாரியாக வைத்திருந்ததைக் கலைத்து, உயரவாரியாக அடுக்குவாள். வராத நாளில் சொல்லி அனுப்ப மாட்டாள். மறுநாள் கேட்டால், "பஸ் வரலைங்க சேர்" என்ற ஒரே பதில். ஆசிரியர்களை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் 'சேர்' என்று கூப்பிடுவார்கள்.

ஜன்னல் கண்ணாடிகளில் அவள் துடைத்த கோடுகள் அப்படியே இருக்கும். அவள் போன பிறகு பழைய செய்தித்தாளை நனைத்து நானே திரும்பத் துடைப்பேன். இதை அவள் எப்படியோ கண்டுபிடித்துவிட்டாள். ஒரு நாள் ஜன்னல் பக்கமே போகவில்லை.

"கண்ணாடி?" என்றேன்.

"எப்படியும் நான் போனதும் சேர் துடைப்பீங்கல்ல. ஒரு கண்ணாடிக்கு எதுக்கு ரெண்டு ஆளு?"

அவளுக்கும் எங்கள்மீது குறைகள் இருந்தன. அவள் வாய் சும்மா இருக்காது என்பதால் பலதும் எங்கள் காதில் விழுந்தன. மனைவி சமையலறையை முதலில் முடிக்கச் சொல்வாள், நான் முன்னறையைச் சொல்வேன். "ஒரு ஆளுக்கு ரெண்டு கங்காணியா? யாராவது ஒருத்தர் சொல்லுங்க" என்பாள். நீளக் கம்பு வைத்த மொப் தரையில் ஈரக்கோடு போடும் என்று சொல்லி, துணியால் கையூன்றித் துடைக்கும்படி நான் கட்டளை போட்டிருந்தேன். அதற்கும் ஒரு நாள் சொன்னாள்: "அம்மாவுக்கு முட்டி வலின்னுதான் என்னைக் கூப்பிட்டீங்க. எனக்கு முட்டியே இல்லைன்னு நெனைச்சீங்களோ?"

மனைவி சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை. மொப்பும் வாங்கவில்லை.

தேநீர் விஷயம் ஒன்று உண்டு. மனைவியின் தாய்வீட்டில் வேலைக்கு வருகிறவர்களுக்குத் தனிக் கோப்பை வைப்பது வழக்கம். அதை அவள் யோசித்துச் செய்யவில்லை. கை பழகிய பழக்கம், எங்கள் வீட்டிலும் அப்படியே வந்துவிட்டது. விளிம்பு உடைந்த ஒரு கோப்பை. அந்தப் பெண் சில வாரம் அதில் குடித்தாள். பிறகு ஒரு நாள் பதுளைக் கடைத்தெருவில் வாங்கிய புதுக் கோப்பை ஒன்றைப் பையிலிருந்து எடுத்தாள். மஞ்சள் பூப் போட்டது. "நான் என் கோப்பையிலயே குடிச்சுக்கிறேம்மா. ஒங்களுக்கும் கஷ்டம் இல்லை, எனக்கும் வாய் கிழியாது" என்றாள். குடித்து முடித்ததும் கழுவி, சமையலறை ஜன்னல் விளிம்பில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள். அன்றிலிருந்து அது அங்கேதான் இருந்தது. அவள் அதைச் சொன்னபோது நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தவில்லை.

காலையில் அவள் பின்வாசலுக்கு வந்ததும் அன்றைய வேலைகளைச் சொல்வது என் பழக்கம். குளிருக்கு ஸ்வெட்டர் போட்டு, கைகளைப் பின்னால் கட்டி, படியின்மேல் நின்று சொல்வேன். அவள் கீழே முற்றத்தில் நின்று கேட்பாள். ஒரு நாள் சொல்லி முடித்ததும் அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"என்ன?"

"ஒன்னும் இல்லைங்க. பெரட்டுல நின்னு பேர் கூப்பிடுற ஐயா மாதிரியே நிக்கிறீங்க."

"பெரட்டுன்னா?" என்றேன்.

அவள் சிரிப்பு நின்றது. என் முகத்தை ஒரு நொடி பார்த்தாள். பிறகு சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னாள்: "காலையில வேலைக்குப் போறதுக்கு முன்னாடி எல்லாரும் ஒரு எடத்துல வந்து நிக்கணும் சேர். யார் வந்திருக்கா, யாருக்கு எந்த மலைன்னு சொல்லுவாங்க. பிந்தி வந்தா திருப்பி அனுப்பிடுவாங்க."

"ஓஹோ" என்றேன்.

என் தாய் என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தப் பெரட்டில் நின்றவள். பிந்திப் போய்த் திருப்பி அனுப்பப்பட்டு, அழாமல் வீட்டுக்கு வந்து, வெறும் கூடையைச் சுவரில் மாட்டியதை நான் பார்த்திருக்கிறேன்.

இப்படியே இரண்டு வருடத்துக்கு மேல் ஓடியது. போன வருடம் கனடாவில் இருக்கும் எங்கள் மகள் பிள்ளைகளோடு வரப்போவதாகச் சொன்னாள். வீட்டைத் தலைகீழாகப் புரட்டிச் சுத்தம் செய்ய வேண்டும் என்று மனைவி திட்டம் போட்டாள். அந்த நேரம் பார்த்து மழை விட்டு வெயில் அடித்து, மலையெல்லாம் கொழுந்து வெடித்துவிட்டது. தோட்டங்களில் ஆள் போதவில்லை.

அந்தப் பெண் ஒரு காலை வேலையை ஆரம்பிக்காமல் என் முன்னால் வந்து நின்றாள். "சேர், கொஞ்ச நாளைக்கு நான் வர்ற நாளை மாத்திக் குடுங்க. ஞாயித்துக்கிழமை வாறேன், முழு நாளும் நிக்கிறேன். மத்த நாள் கொழுந்து எடுக்க மலைக்குப் போகணும்."

அவளுடைய கணவன் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்தான். மாமியார் ஓய்வு பெற்ற கிழவி. அவர்கள் வீட்டில் தோட்டத்தில் பேர் பதிந்திருந்தது இவளுக்கு மட்டும்தான். கொழுந்து குறைந்த காலத்தில் அங்கும் இங்குமாக ஒப்பேற்றிக்கொண்டிருந்தாள். இப்போது கங்காணி கண்டிப்பாகச் சொல்லிவிட்டானாம்.

"வராட்டிப் பேர வெட்டிடுவாங்க சேர். பேர் இல்லைன்னா காம்பராவுல எனக்கு என்ன பேச்சு இருக்கு?" என்றாள். காம்பரா என்றால் லயத்தில் ஒரு குடும்பத்துக்குக் கிடைக்கும் அறை.

நான் சொன்ன பதில் எழுத்துப் பிசகாமல் நினைவில் இருக்கிறது. "நாலு நாள் வேலைக்குப் போகலைன்னா வீட்டை விட்டாத் துரத்துவாங்க? சும்மா கதை சொல்லாத. மகள் வர்ற நேரத்துல இப்படிச் செய்தா நாங்க வேற ஆள்தான் பாக்கணும்."

"சேருக்கு எங்க சட்டம் தெரியாதுங்க..."

"எனக்குத் தெரியவும் வேண்டாம்."

என் தகப்பன் இறந்து, காரியம் முடிந்த மறுநாளே என் தாய் காய்ச்சலோடு பெரட்டுக்குப் போனாள். ஏன் இன்றைக்கே போகிறாய் என்று அழுதேன். "பேர் இருந்தாத்தான்டா இந்தக் கூரை. கூரை இருந்தாத்தான் ஒன் படிப்பு" என்றாள். அந்தச் சட்டத்தின் கீழ் வளர்ந்து, அதனால் படித்து, வேலைக்குப் போனவன் நான். என்னைப் போல் அதைத் தெரிந்தவர்கள் பதுளை டவுனில் அதிகம் இருக்க மாட்டார்கள்.

அவள் வழக்கம்போல வாரத்தில் மூன்று நாளும் வந்தாள். பக்கத்தில் இரண்டு வீடுகளும் எங்கள் சிபாரிசில்தான் அவளுக்குக் கிடைத்திருந்தன. எங்களை விட்டால் அவையும் போகும் என்று பயந்திருப்பாள். மகள் வந்தாள். தரையைப் பார்த்து, "பாத்து நடக்கணும் போல இருக்கே, முகம் தெரியுது" என்று பாராட்டினாள். நான் பெருமையாகத் தலையசைத்தேன். அவர்கள் போன பிறகு வீடு பழையபடி அமைதியானது. அந்தப் பெண்ணும் அமைதியாகிவிட்டாள். தொலைபேசிச் சண்டை இல்லை, கிண்டல் இல்லை. வாளித் தண்ணீரை அறைக்கு அறை மாற்றினாள். எனக்கு அது பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

காரணத்தை மனைவிதான் கேட்டு வாங்கினாள். பேரை வெட்டிவிட்டார்கள். கொழுந்தன் பொண்டாட்டி, அதே காம்பராவின் மறுபாதியில் இருந்தவள், மலைக்குப் போய்த் தன் பேரைப் பதிந்துகொண்டாள். இப்போது காம்பரா அவள் பேச்சில் நடக்கிறது. அடுப்படி அவள் கையில். இவளுடைய சட்டிபானையையும் மாமியார் கட்டிலையும் முன்னால் இருக்கும் இஸ்தோப்புக்கு, அந்த ஒடுங்கிய தாழ்வாரத்துக்கு, நகர்த்திவிட்டார்கள். தண்ணீர் கொதிக்க வைக்கக்கூட அவளிடம் கேட்க வேண்டுமாம்.

"பாவம்" என்றேன்.

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "பேர் வெட்டுனா என்ன நடக்கும்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

நான் பேப்பரைப் புரட்டினேன்.

"தெரியாத மாதிரி இருந்து இருந்தே ஒங்களுக்கு நெசமாவே மறந்துபோச்சு போல. அவ அன்னைக்குக் கெஞ்சுனப்ப நான் உள்ளதான் இருந்தேன். நானும் வாயத் தொறக்கலை. எனக்கு வீடு மினுங்கணும்." பிறகு, "அவகிட்டப் போய்ச் சொல்லுங்க" என்றாள்.

மறுமுறை அவள் வந்தபோது சொன்னேன். சமையலறையில் துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள். அதிபராக எத்தனையோ மேடைகளில் பேசியவன், அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டுதான் பேச முடிந்தது.

"நானும் ஒங்க தோட்டம்தான்மா. மேல் லயம்."

அவள் திரும்பாமலே, "தெரியும் சேர்" என்றாள்.

"எப்போலேருந்து?"

"வந்த மாசமே. எங்க மாமி சொல்லுச்சு. நீங்களும் அதுவும் ஒன்னுமண்ணா வெளையாண்டீங்களாம். பள்ளிக்கூடத்துல ஒங்க சிலேட்ட அதுதான் ஒடைச்சிச்சாம்." லேசாகச் சிரித்தாள். "எப்பயாச்சும் நீங்களாச் சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

அவள் சிரித்ததும் எனக்குப் பாரம் இறங்கியது போல இருந்தது. அந்த வேகத்தில் மிச்சத்தையும் சொன்னேன். அன்றைக்கு நாளை மாற்றித் தந்திருக்க வேண்டும், பேர் போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், என் தாயே அதற்காகக் காய்ச்சலோடு மலைக்குப் போனவள் என்றேன்.

அவள் கையில் துணி அப்படியே நின்றது.

"அப்பத் தெரிஞ்சேதான் சொன்னீங்களா?"

நான் ஈரத் தரையைப் பார்த்தேன்.

"நான் என்னா நெனைச்சேன்னா, சின்ன வயசுலயே போனவரு, இதெல்லாம் மறந்திருப்பாருன்னு நெனைச்சேன். எங்க மாமி ஒங்களைத் திட்டுனப்பக்கூட, 'அவருக்குத் தெரியாது மாமி, டவுனுலயே இருந்துட்டாரு'ன்னுதான் சொன்னேன்." துணியை வாளியின் விளிம்பில் போட்டாள். "ஒங்களுக்காக நான் பேசியிருக்கேன் சேர்."

கையைத் துடைத்துக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு, மனைவியிடம் மட்டும் "வாறேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனாள். பாதித் தரை ஈரமாகவும் பாதி காய்ந்தும் கிடந்தது. மீதியை நான்தான் துடைத்தேன், கையூன்றி. எழுந்திருக்க நாற்காலியைப் பிடிக்க வேண்டியிருந்தது.

அதன்பிறகு அவள் வரவில்லை. மனைவி அழைத்தாலும் தொலைபேசியில் பதில் இல்லை. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஜன்னல் விளிம்பில் இருந்த அவளுடைய பூக் கோப்பையை ஒரு துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வெறுங்கையோடு போகக் கூச்சமாக இருந்தது. அவளுடைய பொருளைக் கொடுக்க வந்தேன் என்றாவது சொல்லலாம்.

குறுக்குப் பாதையில் பாதி தூரம் ஏறியதும் மூச்சு வாங்கியது. முதலில் தோட்டத்து ஒப்பீசுக்குப் போனேன். அங்கிருந்த இளம் உத்தியோகத்தர் மரியாதையாக நாற்காலி போட்டார். "சேருக்கு எந்த ஊர்?" என்று கேட்டார்.

"இங்கதான். மேல் லயம்" என்றேன். சொல்லிவிட்டேன்.

அவள் வராததற்கு நான்தான் காரணம், நான்தான் போகவிடவில்லை என்று விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டார். இப்போதைக்குக் கைக்காசுக்கு, அதாவது அன்றன்றைய வேலைக்கு அன்றன்றே கூலி என்று, அவளை எடுக்கலாம் என்றார். பேரைத் திரும்பப் பதிவதைப் பிறகு பார்க்கலாம். காம்பரா விஷயத்தில் தான் தலையிட முடியாது. "அது அவங்க குடும்பத்துக்குள்ள பேசிக்கிற விஷயம் சேர்."

லயத்துக்குப் போனேன். இஸ்தோப்பில் கட்டிலில் ஒரு கிழவி உட்கார்ந்திருந்தாள். கையால் வெயிலை மறைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"யாரு செத்தான்னு வந்த?" என்றாள்.

அத்தனை வருடத்துக்குப் பிறகு கேட்ட முதல் வார்த்தை அது. சிலேட்டை உடைத்தவள். நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். அவள் நகர்ந்து இடம் கொடுக்கவில்லை. திட்டினாள். என் தாயின் பேரைச் சொல்லித் திட்டினாள். "அந்தப் பொம்பள இந்தக் கூரைக்காகச் செத்தா. நீ என் மருமகளோட கூரையப் புடுங்கிக் குடுத்துட்டு வந்து நிக்கிற." நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். அதில் மறுத்துச் சொல்ல ஒன்றும் இல்லை.

அந்தப் பெண் குழாயடியிலிருந்து தண்ணீர்க் குடத்தோடு வந்தாள். என்னைப் பார்த்து நின்றாள். குடத்தை இறக்கி வைத்தாள். நான் ஒப்பீசில் பேசியதைச் சொன்னேன். கைக்காசு என்றதும், "அது எனக்கே தெரியும் சேர். நேத்தே கேட்டுட்டேன். திங்கக்கிழமைலேருந்து போறேன்" என்றாள். நான் ஏறி வந்ததால் அவளுக்குப் புதிதாக எதுவும் கிடைக்கவில்லை.

பையைத் திறந்து கோப்பையை எடுத்து நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"இதக் கொண்டாந்து எங்க வைக்கச் சொல்றீங்க? அடுப்படி அவ கையில. இந்தக் கட்டிலுக்கு அடியில வச்சா எலி தட்டி ஒடைச்சிரும்."

உள்ளேயிருந்து யாரோ வேண்டுமென்றே பாத்திரத்தை உருட்டும் சத்தம் கேட்டது. அவள் அந்தப் பக்கம் பார்க்காமலே குரலைத் தாழ்த்தினாள். "திருப்பி எடுத்துக்கிட்டுப் போங்க. ஞாயித்துக்கிழமை மட்டும்தான் வருவேன். கொழுந்து கூடுனா அதுவும் வர மாட்டேன். வராத அன்னைக்கு ஏன்னு கேக்கக் கூடாது."

"கேக்க மாட்டேன்."

"கையால தொடைக்க மாட்டேன்."

"சரி."

கோப்பையைத் துணியில் சுற்றித் திரும்பக் கொண்டுவந்தேன். மனைவி அதைக் கழுவி, எங்கள் கோப்பைகள் தொங்கும் சுவர்த் தட்டில் அவற்றோடு சேர்த்துக் கொக்கியில் மாட்டினாள். மறுநாள் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடையில் ஒரு மொப்பும் வாங்கி வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் வந்தாள். நான் படியில் நிற்கவில்லை, உள்ளே இருந்தேன். என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அவளாகவே முன்னறையிலிருந்து ஆரம்பித்தாள். தேநீர் நேரத்தில் கோப்பைத் தட்டைப் பார்த்தாள். தன் கோப்பையை எங்கள் கோப்பைகளுக்கு நடுவிலிருந்து கழற்றி எடுத்தாள். ஊற்றிக் குடித்தாள். கழுவினாள். பிறகு பழையபடி ஜன்னல் விளிம்பில் கவிழ்த்து வைத்தாள்.

"அங்கயே மாட்டலாமே" என்றாள் மனைவி.

"இல்லைம்மா. இது இங்கயே இருக்கட்டும். எனக்குன்னு இப்ப இருக்குறது இந்த எடம் ஒன்னுதான். இதையும் ஒங்களோடதோட கலந்துட்டா எனக்கு அடையாளம் தெரியாது."

அவளுடைய பேர் இன்னும் பதியப்படவில்லை. கிழவியின் கட்டில் இன்னும் இஸ்தோப்பில்தான் இருக்கிறது. நான் மாதம் ஒருமுறை அங்கே போய் வருகிறேன், திட்டு வாங்குகிறேன். மற்ற நாட்களில் ஜன்னல்களைத் துடைக்கும்போது அந்த விளிம்பையும் துடைப்பேன். கோப்பையைத் தூக்கி, அடியில் துடைத்து, இருந்த இடத்திலேயே திரும்ப வைப்பேன்.